பயிரை மேயும் காற்று

பெங்களூருவின் வாகனப் புகை வெயிலில் வெந்து ஓசோனாகிறது. நகரவாசியின் மூச்சை முட்டவைத்த பிறகு சுற்றுவட்டாரக் கழனிகளை நோக்கிக் கிளம்புகிறது. விளைச்சலில் விழும் துண்டுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

காலை 9 மணி. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு. ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் முட்டிக்கொள்ளும் இந்த இடத்தில் பஸ்கள், லாரிகள், சாஃப்ட்வேர் கம்பெனி வேன்கள், ஆட்டோக்கள் எல்லாம் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. ஸ்கூட்டரில் வருபவர்கள் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். இதே சாலையில் சில மணி நேரத்துக்கு முன்பு, பொழுது புலர்வதற்குள், வேறொரு ஊர்வலம் போயிருந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து பீன்ஸும் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு விரைந்திருந்தன.

கிராமம் நகரத்துக்குக் காய்கறி அனுப்புகிறது. பதிலுக்கு நகரம் என்ன அனுப்புகிறது என்பது பலருக்குத் தெரியாது. சந்திப்பில் காலையில் கிளம்பும் புகை கண்ணுக்குத் தெரிகிறது, மூக்கில் ஏறுகிறது. அதனால் அதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. பிற்பகல் 2 மணிக்கு அதே புகை என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்குள் அது வெயிலில் உருமாறி, நிறமற்ற ஒரு வாயுவாகி, காற்று போகும் திசையில் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அதன் பெயர் ஓசோன்.

ஓசோன் என்றதும் வானத்தில் ஓட்டை விழுந்த கதைதான் பலருக்கு நினைவு வரும். தரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் ஓசோன், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போடப்பட்டது. அதே வாயு தரை மட்டத்தில் சேர்ந்தால் நஞ்சு. ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறும். நுரையீரல் இல்லாத செடிகளும் தப்புவதில்லை. பயிருக்குச் சேதம் செய்யும் காற்று மாசுகளில் உலக அளவில் முதலிடத்தில் வைத்து விஞ்ஞானிகள் பேசுவது இந்த ஓசோனைத்தான்.

பெங்களூருவுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அரசின் கண்காணிப்பு நிலையங்கள் தந்த விவரங்களை வைத்து 2025 கோடையை அலசியது. மார்ச் முதல் மே வரையிலான 92 நாட்களில் 45 நாட்கள் பெங்களூருவில் ஓசோன் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. அதாவது ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள். முந்தைய கோடையைவிட இது 29 சதவீதம் அதிகம். ஹோம்பேகவுடா நகர் பகுதி முன்னணியில் இருந்தது. அதே கோடையில் சென்னையில் 15 நாட்கள் அளவு மீறியது.

இதமான தட்பவெப்பத்துக்குப் பெயர்போன, பூங்கா நகரம் என்று அழைக்கப்பட்ட ஊருக்கா இந்த நிலை? காரணத்தை வானத்திலும் சாலையிலும் சேர்த்தே தேட வேண்டும்.

வெயிலே அடுப்பு

ஓசோனை எந்த வண்டியும் நேரடியாகக் கக்குவதில்லை. அது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. சமையலுக்கு வேண்டிய சாமான்கள் இரண்டு. ஒன்று, எஞ்சின்களிலிருந்தும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள். மற்றொன்று, எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள்: பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர், குப்பை எரிக்கும் புகை போன்றவற்றில் இருப்பவை. அடுப்பு, வெயில்.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலான உயரத்தில், மார்ச், ஏப்ரலில் மேகமின்றிப் பளிச்சென்று கிடக்கும் பெங்களூரு வானம் இந்தச் சமையலுக்குத் தோதானது. பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கையோ ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, நகரைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் பல ஆண்டுகளாகப் பரவிய தைல மரத் தோப்புகளும் கைகொடுக்கின்றன. இந்த மரங்கள் வெயிலில் ஐசோப்ரீன் என்ற ஆவியை வெளியிடுபவை. தனியாக இருந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. நகரத்து நைட்ரஜன் ஆக்ஸைடு வந்து சேர்ந்தால் அதுவும் ஓசோனுக்குத் தீனி. நிலத்தடி நீரைக் காக்க 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது. நின்றுகொண்டிருந்த தோப்புகள் நின்றுகொண்டுதான் இருந்தன.

இங்கேதான் விஷயம் திசை மாறுகிறது. புகை மண்டிய சாலையில் ஓசோன் அவ்வளவாகத் தங்காது. எஞ்சினிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்ஸைடு, கிடைத்த ஓசோனை உடனே விழுங்கிவிடும். காற்று நகரத்தை விட்டு விலக விலக, விழுங்க ஆள் குறைகிறது. சமையல் மட்டும் தொடர்கிறது. ஆகவே புகையைக் கிளப்பிய சந்திப்பைவிட, 30, 40 கிலோமீட்டர் தள்ளி, வண்டி நடமாட்டமே இல்லாத ஒரு காய்கறித் தோட்டத்தில் ஓசோன் கூடுதலாக இருக்க முடியும். உலகின் பல பெருநகரங்களைச் சுற்றிக் காணப்பட்ட உண்மை இது. குற்றம் ஓரிடத்தில், தண்டனை வேறிடத்தில்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்துத் தண்டனைக்குள்ளாகும் ஊர் மாறும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது, ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெங்களூருவின் காற்று கிழக்கே ஹொசகோட்டே, கோலார் திசையில் போகிறது. மேகமும் மழையும் இருப்பதால் அப்போது ஓசோன் சற்று அடங்கும். பருவம் திரும்பிய பிறகு காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். அப்போது மேற்கே மாகடி, ராமநகரம் பக்கம் அதன் வழியில் விழும். கன்னடத்தில் அவரேகாய் என்றும் தமிழில் மொச்சை என்றும் சொல்லப்படும் காய்க்கு மாகடி பெயர்பெற்ற ஊர். குளிர் காலத்தில் அது பெங்களூரு வீதிகளில் குவியும் வேளையில்தான் காற்று அந்தத் திசையில் வீசிக்கொண்டிருக்கிறது.

இலைக்குள் நடப்பது

செடிக்கு வாயும் மூக்கும் இலைத்துளைகள்தான். பகலில் அவற்றைத் திறந்துவைத்துக் கரியமில வாயுவை உள்ளே இழுத்து, வெயிலின் துணையோடு தனக்கான உணவைத் தயாரிக்கிறது. ஓசோன் உச்சத்தைத் தொடுவதும் அதே பகல் வேளையில், பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை. திறந்த வாசல் வழியாக அதுவும் உள்ளே போய்விடுகிறது.

உள்ளே போன ஓசோன் இலைக்குள் இருக்கும் ஈரத்தில் கரைந்து, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற கடுமையான பொருள்களை உண்டாக்குகிறது. அவை செல்களின் சவ்வுகளை அரிக்கின்றன. செடி தன் சேமிப்பை எடுத்து இந்தச் சேதத்தைச் செப்பனிடத் தொடங்குகிறது. கதிருக்கும் காய்க்கும் வேருக்கும் போக வேண்டிய சத்து பழுதுபார்க்கும் வேலைக்குச் செலவாகிறது. ஒளிச்சேர்க்கையை நடத்தும் முக்கிய நொதியின் அளவு குறைகிறது. இலை உரிய காலத்துக்கு முன்பே மூப்படைந்து மஞ்சளாகி உதிர்கிறது. கடைசியில் மணி சிறுக்கிறது, காய் குறைகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், நன்றாகப் பராமரித்த பயிருக்குத்தான் அடி அதிகம். தண்ணீர் இல்லாமல் வாடும் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ஓசோனும் உள்ளே போகாது. சொட்டுநீர்ப் பாசனம் போட்டு, உரமிட்டு, செழிப்பாக வளர்த்த தோட்டத்தில் துளைகள் அகலத் திறந்திருக்கும். அதிக விளைச்சலுக்காக உருவாக்கப்பட்ட புதிய கோதுமை ரகங்கள் பழைய ரகங்களைவிட ஓசோனுக்கு எளிதில் பலியாவதை ஆய்வுகள் காட்டியதற்கும் இது ஒரு காரணம்.

பல நேரங்களில் இலையில் எந்த அடையாளமும் தெரியாமலே விளைச்சல் குறைந்துவிடும். அடையாளம் தெரிந்தாலும் புரிந்துகொள்வது கடினம். இலையின் மேல்பக்கத்தில், நரம்புகளை விட்டுவிட்டு, நரம்புகளுக்கு இடையே மட்டும் ஊசிமுனை அளவில் பழுப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் நெருக்கமாகத் தோன்றினால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். முற்றிய இலைகளில் முதலில் வரும், கொழுந்தில் வராது. மற்றொரு இலையின் நிழலில் மறைந்திருந்த பகுதி பச்சையாகவே இருக்கும். செம்பேன் தாக்கியிருந்தால் இலையின் அடிப்பக்கத்தில் பூச்சியோ நூலாம்படையோ இருக்கும். பூஞ்சை நோய்ப் புள்ளி நரம்பைப் பார்த்து ஒதுங்காது.

இந்த வித்தியாசம் தெரியாதபோது, புள்ளி விழுந்த இலையோடு போகிற விவசாயிக்கு மருந்துக் கடையில் கிடைப்பது பூஞ்சைக்கொல்லியோ பூச்சிமருந்தோதான். காற்றில் வந்த வியாதிக்கு இரண்டுமே பலன் தராது. விளைச்சலில் ஒரு நஷ்டம், மருந்துச் செலவில் இன்னொரு நஷ்டம்.

கீரையும் புகையிலையும் தந்த துப்பு

உலகம் இந்த எதிரியை அடையாளம் கண்டுகொண்டதே பயிர்கள் மூலமாகத்தான். 1944இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் கீரைப் பயிர்களின் இலைகள் விநோதமாக வெளிறிக் கருகத் தொடங்கின. விவசாயிகள் புகார் செய்தார்கள். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மிட் என்ற டச்சு விஞ்ஞானி, நகரத்துக் காற்றின் வாடையை ஆராயத் தொடங்கினார். வாகனப் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாவதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிரூபித்தார். வாகன நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாளில் கலிஃபோர்னியாவின் மாசுச் சட்டங்களுக்கு அவருடைய கண்டுபிடிப்பே அடிப்படையானது.

1958இல் அதே மாநிலத்தில் திராட்சை இலைகளில் தோன்றிய புள்ளிகளுக்கு ஓசோன்தான் காரணம் என்று தெரிந்தது. 1959இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் புகையிலைத் தோட்டங்களை வாட்டிவந்த மர்மப் புள்ளி நோயின் முடிச்சும் அவிழ்ந்தது. புகையிலையில் பெல் டபிள்யூ 3 என்ற ரகம் ஓசோனைக் கொஞ்சமும் தாங்காது என்பது தெரிந்ததும், அதையே காற்றைப் பரிசோதிக்கும் கருவியாக விஞ்ஞானிகள் பல நாடுகளில் நட்டுவைத்தார்கள்.

வெங்காயம் சொன்ன கதை இன்னும் சுவாரசியமானது. ஒரே வயலில் சில வெங்காயச் செடிகளின் நுனி கருக, சில செடிகள் தப்பிப் பிழைத்தன. அமெரிக்க ஆய்வாளர்கள் 1966இல் காரணத்தைச் சொன்னார்கள். தப்பிப் பிழைத்த செடிகளில், ஓசோன் பட்டவுடன் இலைத்துளைகள் தாமாகவே மூடிக்கொண்டன. இந்தக் குணம் ஒரே ஒரு மரபணுவின் மூலம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஓசோனைத் தாங்கும் ரகங்களை உருவாக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்ட கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

இந்தியாவின் நஷ்டக் கணக்கு

இந்தியாவில் பயிர் ஒன்றில் ஓசோன் பாதிப்பு இருப்பதாக ஓ.எம். பம்பாவாலே என்ற விஞ்ஞானி 1986இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். பஞ்சாபில் உருளைக்கிழங்கு இலைகளில் விழுந்த புள்ளிகள்தான் அவருக்குக் கிடைத்த தடயம். அதன் பிறகு காசி இந்து பல்கலைக்கழகத்தில் மதூலிகா அகர்வாலும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் இந்தத் துறையில் உழைத்தார்கள். மேல்பக்கம் திறந்த கூடுகளுக்குள் பயிரை வளர்த்து, ஒரு கூட்டுக்குக் கரி வடிகட்டி வழியாகச் சுத்தமான காற்றும், மற்றொன்றுக்கு ஊர்க் காற்றும் செலுத்துவது அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று. மண், விதை, தண்ணீர் எல்லாம் ஒன்றே. காற்று மட்டும் வேறு. விளைச்சலில் வரும் வித்தியாசம் காற்றின் கணக்கில் எழுதப்படும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானின் லாகூரில் 1990களில் இதே முறையில் சோதனை நடந்தது. வடிகட்டிய காற்றில் வளர்ந்த கோதுமையோடு ஒப்பிட்டபோது, ஊர்க் காற்றில் வளர்ந்த கோதுமையின் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஓசோன்தான் முதல் குற்றவாளி என்றார்கள் ஆய்வாளர்கள்.

நாடு முழுவதற்குமான கணக்கு 2014இல் வந்தது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் சச்சின் குடேயும் கூட்டாளிகளும் 2005ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். அந்த ஒரே ஆண்டில் கோதுமை, நெல், பருத்தி, சோயா ஆகிய நான்கு பயிர்களிலும் சேர்த்து ஓசோன் விழுங்கியது ஏறக்குறைய 60 லட்சம் டன். அதில் கோதுமை மட்டும் 35 லட்சம் டன், அரிசி 21 லட்சம் டன். பண மதிப்பில் 129 கோடி டாலர். இழந்த தானியம் இருந்திருந்தால் 9.4 கோடி மக்களுக்குச் சோறு போட்டிருக்கலாம் என்றது ஆய்வு.

அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன். சிறுவயதில் குடும்பத்தோடு பெங்களூருவில் குடியேறி, தமிழ் வழியிலிருந்து திடீரென்று ஆங்கில வழிக்கு மாறிப் படித்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு. அமெரிக்காவுக்குப் போய் 1975இல், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃப்ளூரோ கார்பன் பூமியைச் சூடேற்றுவதைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். 2014இல் ஜெனிஃபர் பர்னியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. 1980க்குப் பிறகு பருவநிலையும் காற்றும் கெடாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விளைச்சலோடு ஒப்பிட்டால், 2010இல் இந்தியாவின் கோதுமை விளைச்சல் 36 சதவீதம் வரை குறைவு. அந்த இழப்பின் பெரும்பகுதிக்கு ஓசோனும் கரித்துகளும் காரணம்.

2025இல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் எதிர்காலத்தையும் கணித்துப் பார்த்தார்கள். புகை இதே வேகத்தில் பெருகினால் கோதுமை விளைச்சல் மேலும் 20 சதவீதமும், நெல்லும் மக்காச்சோளமும் 7 சதவீத அளவிலும் குறையக்கூடும் என்பது அவர்கள் எச்சரிக்கை.

இந்தக் கணக்குகளில் பெரிய அடி கங்கைச் சமவெளிக்குத்தான். ஓசோன் அங்கேதான் அதிகம், கோதுமையும் அங்கேதான். தெற்கே அளவு மட்டுப்பட்டது. ஆனால் பெங்களூருவைச் சுற்றி விளையும் பயிர்களின் பட்டியலைப் பார்த்தால் நிம்மதியாக இருக்க முடியாது.

மொச்சையும் திராட்சையும்

இந்த வட்டாரத்தின் பாரம்பரியத் தானியமான கேழ்வரகு ஓரளவு தாக்குப்பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. மக்காச்சோளத்தைப் போலவே குறைவான இலைத்துளைத் திறப்பிலும் உணவு தயாரிக்கக்கூடிய பயிர் அது. கவலை தருபவை மற்றவை. அவரைக் குடும்பத்துப் பயிர்கள் ஓசோனுக்கு மிக எளிதில் வசப்படுபவை. பீன்ஸில் எஸ் 156 என்ற ரகம் ஓசோன் பட்டால் உடனே இலையில் புள்ளி காட்டும் என்பதால், அதைத் தாங்கும் ரகமான ஆர் 123உடன் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, அமெரிக்காவில் பள்ளிகளிலும் அருங்காட்சியகங்களிலும் 'ஓசோன் தோட்டம்' போடுகிறார்கள். ஓசூர், கோலார், சிக்கபள்ளாப்பூர் வட்டாரங்களில் பீன்ஸ் முக்கியமான பணப்பயிர்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூரு நீல திராட்சை, சிக்கபள்ளாப்பூரிலும் பெங்களூரு கிராமப்புற மாவட்டத்திலும் கோலாரிலும் விளைகிறது. அது லப்ரஸ்கா என்ற வகையின் வழிவந்தது. அதே வழியில் வந்த அமெரிக்காவின் கான்கார்ட் திராட்சை, ஓசோனால் இலை புள்ளி விழுந்து வாடுவதற்குப் பேர்போனது. 2015இல் குறியீடு பெற்று, சிங்கப்பூர், மலேசியா வரை கப்பலேறும் பெங்களூரு ரோஸ் வெங்காயமும் அந்த அமெரிக்க ஆய்வில் நுனி கருகிய வெங்காயத்தின் உறவுதான். நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று கோலாரில் இருக்கிறது. தக்காளியும் ஓசோனால் பாதிக்கப்படும் பயிர்.

ஆக, தன் சமையலறைக்கு வரும் காய்களில் மென்மையானவற்றை எல்லாம் பெங்களூரு தன் புகை எட்டும் தூரத்திலேயே விளைவிக்கிறது.

சட்டத்தில் இல்லாத பயிர்

நாடு முழுவதற்குமான காற்றுத் தர அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பரில் வெளியிட்டது. அதன்படி ஓசோன் 8 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. விஞ்ஞானிகளின் அளவுகோலில் இது ஏறக்குறைய 50 பி.பி.பி., அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 50 பங்கு ஓசோன். இது மனிதனை மனதில் வைத்துப் போட்ட அளவு. பயிருக்கென்று தனி அளவு கிடையாது.

ஐரோப்பாவில் பயிருக்கு வேறு கணக்கு. அங்கே 40 பி.பி.பி.யைக் கோடாக வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மணி நேரமும் ஓசோன் அந்தக் கோட்டை எவ்வளவு தாண்டுகிறது என்று கூட்டிக்கொண்டே வருவார்கள். 3 மாதப் பயிர்க் காலத்தில் கூட்டுத்தொகை 3,000ஐ எட்டினால், கோதுமையில் 5 சதவீதம் போய்விட்டதாக அர்த்தம். இந்தக் கோலை வைத்து இந்தியச் சட்டத்தை அளந்து பார்க்கலாம். தினமும் 8 மணி நேரம் ஓசோன் 50 பி.பி.பி.யில் நிற்பதாக வைத்துக்கொண்டால், கோட்டுக்கு மேலே மணிக்கு 10 வீதம் நாளொன்றுக்கு 80 சேரும். 38 நாட்களில் 3,000 தாண்டிவிடும். காற்று ஒரு நாள்கூடச் சட்டத்தை மீறியிருக்காது. பயிர் மட்டும் நஷ்டப்பட்டிருக்கும்.

அளக்கும் கருவிகள் இருக்கும் இடமும் இதற்குத் துணைபோகிறது. பெங்களூருவின் தானியங்கி நிலையங்கள் ஜெயநகர், ஹெப்பால், பீன்யா, சில்க் போர்டு என்று நகரத்துக்குள் அமைந்தவை. ஓசோன் நகரத்தை விட்டு வெளியேறிய பிறகே வலுக்கிறது என்றால், அது வலுக்கும் இடத்தில் அதைப் பிடித்து அளக்கும் கருவி வேண்டும். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூரு இடம்பெற்றது. ஆனால் அந்தத் திட்டத்தின் குறி தூசியும் நுண்துகளும்தான். சாலையைக் கழுவுவதாலும் தண்ணீர் தெளிப்பதாலும் ஓசோன் குறையாது.

இதில் சீனா ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2013க்குப் பிறகு அந்த நாடு நுண்துகளைக் கணிசமாகக் குறைத்துச் சாதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் நகரங்களில் ஓசோன் ஏறியது. தூசியை மட்டும் விரட்டினால் போதாது, நைட்ரஜன் ஆக்ஸைடையும் ஆவியாகும் கரிமப் பொருள்களையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்பதைச் சீனா பட்டுத் தெரிந்துகொண்டது.

மருந்து எங்கே?

ஓசோனுக்கு எதிராகப் பயிரைக் காக்கும் எத்திலீன் டையூரியா என்ற ரசாயனம் 1978இல் கண்டுபிடிக்கப்பட்டது. காசி ஆய்வாளர்களும் அதைத் தெளித்துச் சோதித்திருக்கிறார்கள். தெளித்த பயிருக்கும் தெளிக்காத பயிருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஓசோன் நஷ்டத்தை அளக்க அது உதவுகிறது. ஆராய்ச்சிக் கருவியாக நல்லது. ஊரெல்லாம் தெளிக்கும் மருந்தாக அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. பெங்களூருவில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரா வளாகம் இருக்கிறது. ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வறட்சியையும் நோயையும் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுப்பதில் இவற்றுக்கு நீண்ட அனுபவம் உண்டு. வெங்காயத்தில் ஒரே மரபணுவில் கிடைத்த பாதுகாப்பைப் போல, பீன்ஸிலும் மொச்சையிலும் ஓசோனைத் தாங்கும் வரிசைகளைத் தேடுவது இத்தகைய நிறுவனங்களால் ஆகாத காரியமல்ல. மாகடியிலும் கோலாரிலும் ஓசூரிலும் ஒரு சில அளவுக் கருவிகளை வைப்பதும், அவற்றின் பக்கத்திலேயே எளிதில் புள்ளி விழும் பீன்ஸ் ரகத்தையும் தாங்கும் ரகத்தையும் ஒரு பாத்தியில் நடுவதும் பெரிய செலவு பிடிக்காதவை. இலையில் விழும் புள்ளியைப் படிக்க விவசாயிக்குக் கற்றுக்கொடுத்தால், வீண் மருந்துச் செலவாவது மிச்சமாகும்.

ஆனால் மூல மருந்து வயலில் இல்லை, சாலையில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோடிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. ஓசூர் சாலையை ஒட்டி ஓடும் தடம் இது. காரையும் ஸ்கூட்டரையும் வீட்டில் விட்டுவிட்டு அதில் ஏறும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, யாரோ ஒருவருடைய பீன்ஸ் பாத்திக்கு உதவுகிறார்கள். டீசல் பஸ்ஸின் இடத்தில் மின்சார பஸ், பெட்ரோல் பங்கில் ஆவியைத் திரும்பப் பிடிக்கும் கருவி, குப்பை எரிப்புக்குத் தடை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒரு தக்காளிப் பெட்டியின் விலையில் விதை, உரம், கூலி, டெம்போ வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் எழுதப்படுகிறது. காற்று எடுத்துக்கொண்ட பங்குக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை. நாளை விடியற்காலையிலும் டெம்போக்கள் வரும். காலை 9 மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பில் எஞ்சின்கள் உறுமும். பிற்பகலில், சரக்கை இறக்கிவிட்டுக் காலி டெம்போக்கள் ஊர் திரும்பிய பிறகு, அவை புறப்பட்ட தோட்டங்களின் மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும். வானம் நீலமாக, காற்று சுத்தமாகத்தான் தெரியும்.